கைப்பேசியில் வரும் பண ஆலோசனை: மார்க்கத்தின் பார்வையில் ஒரு பாடம்

சென்ற ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு, அஸர் தொழுகை முடிந்து மஸ்ஜிதின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மயிலாப்பூரில் வசிக்கும் ஒரு தாயார் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். கணவர் மௌத்தாகி, இத்தாவின் நான்கு மாதம் பத்து நாள் அப்போதுதான் முடிந்திருந்தது. கணவர் வேலை பார்த்த இடத்திலிருந்து வந்த தொகையும், அவர் உயிரோடிருந்தபோது மியூச்சுவல் பண்டில் போட்டு வைத்திருந்ததும் சேர்ந்து 16 இலட்ச ரூபாய் இருந்தது.

"ஹஜ்ரத், இந்தப் பணத்தை என்ன செய்யறதுன்னே புரியல. பேங்கில போட்டா வட்டிங்கிறாங்க. வீட்டில வெச்சா நாளைக்கு ஒண்ணும் மிஞ்சாது. போன்லயே ஆலோசனை சொல்ற கம்பெனி இருக்குன்னு இவன் சொல்றான். அது கூடுமா, கூடாதா?" என்று அந்தத் தாயார் கேட்டார்.

மகன் அடக்கமான பிள்ளை. அவனுக்கும் ஒரு கேள்வி இருந்தது. "அத்தா அந்தக் கணக்கில என் பேரைத்தான் நாமினியா எழுதியிருக்காங்க ஹஜ்ரத். அப்போ அது எனக்கு வர வேண்டியதுதானே?" அவனுக்கு மணமாகிப் போன சகோதரிகள் இருவர் உண்டு என்பதைத் தாயார் பிறகுதான் சொன்னார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "இரண்டு நாள் தவணை கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். பணம் சம்பந்தப்பட்ட ஒரு கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லி, அதன் விளைவை இன்றும் சுமந்துகொண்டிருப்பவன் நான். அதைப் பின்னர் சொல்லுகிறேன். அவர்களுக்காகத் தேடியதையும் கேட்டறிந்ததையும் நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் பயன்படட்டும் என்று இங்கே பாடமாக எழுதுகிறேன்.

திட்டமிடுவது தவக்குலுக்கு மாறானதா?

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்க வேண்டும். அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைத்தவனுக்கு நாளையைப் பற்றிய கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்து விட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்ட ஒருவருக்கு, கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று திருநபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் இருக்கிறது. யூசுப் (அலை) அவர்கள் ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலை ஏழு பஞ்ச ஆண்டுகளுக்காகச் சேமித்து வைக்கச் சொன்ன வரலாற்றைத் திருமறை விரித்துரைக்கிறது. களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது அவர்கள் தம்மிடம் இருப்பதாகக் கூறிய தகுதிகள் இரண்டு. ஒன்று, பாதுகாக்கும் தன்மை. மற்றொன்று, அறிவு. பிறர் பொருளுக்குப் பொறுப்பேற்பவர் எவருக்கும் இவ்விரண்டும் இருந்தாக வேண்டும்.

ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றுத் தம் செல்வம் முழுவதையும் தர்மம் செய்ய நாடியபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. வாரிசுகள் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடப்படுவதைவிடத் தன்னிறைவோடு விடப்படுவது மேல் என்பதே காரணம். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் இது.

பொருளைக் கையாளத் தெரியாதவரிடம் அதை ஒப்படைத்துவிடாதீர்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஆகவே, தெரிந்தவரிடம் கேட்டு நடப்பது தவறன்று. கேட்காமல் நடப்பதுதான் சில வேளைகளில் தவறாகிவிடும்.

இந்தக் கம்பெனிகள் செய்வது என்ன?

சென்னைக்குப் பண நிறுவனங்கள் புதியவையல்ல. ஆர்பத்நாட் என்னும் பெரிய வெள்ளைக்கார வங்கி 1906 அக்டோபரில் இந்நகரில் நொடித்துப்போய்ப் பல குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டு வந்தது. அந்த அடியிலிருந்துதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. மயிலாப்பூரில் 1872இல் தொடங்கப்பட்ட இந்து பெர்மனென்ட் பண்டு ஒன்றரை நூற்றாண்டு மக்கள் நம்பிக்கையைப் பெற்றிருந்தது. வைப்புத் தொகை திரும்பவில்லை என்ற புகாரின்பேரில் அதன் தலைமைப் பொறுப்பிலிருந்தவர் 2024 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். முதலீடு செய்தவர்களில் ஓய்வூதியத்தை அப்படியே கொண்டுபோய்ப் போட்ட முதியவர்கள் பலர். பழைய பெயர் என்பதோ, பக்கத்துத் தெருவில் இருக்கிறது என்பதோ பாதுகாப்பாகிவிடாது என்பதற்கு இது சான்று.

இப்போது வந்திருப்பவை வேறு வகை. பண்ட்ஸ்இந்தியா என்பது 2009 முதல் சென்னையிலிருந்து நடந்துவரும் நிறுவனம். வீட்டிலிருந்தபடியே கணினியிலோ செல்போனிலோ கணக்குத் தொடங்கி, பல மியூச்சுவல் பண்டுகளில் பணம் போடவும் எடுக்கவும் இதன் மூலம் முடிகிறது. எந்தப் பண்டு, எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று ஆலோசனையும் கிடைக்கிறது. இதை நிறுவியவர்களுள் ஒருவரும் அங்கே ஆய்வுப் பணி செய்தவர்களும் பின்னர் இதே நகரில் பிரைம்இன்வெஸ்டர் என்ற வேறொன்றைத் தொடங்கினர். அது சந்தா வாங்கிக்கொண்டு ஆய்வும் பரிந்துரையும் மட்டும் தருகிறது. இவை போல நாடெங்கும் பல உள்ளன.

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. முறையாக நடக்கும் நிறுவனம் உங்கள் பணத்தைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்வதில்லை. பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பண்டுக்குப் போகிறது. யூனிட்டுகள் உங்கள் பெயரில் பதிவாகின்றன. ஆலோசகர் வழிகாட்டியாக மட்டும் நிற்கிறார். "உங்கள் பணத்தை எங்கள் கணக்கில் போடுங்கள், நாங்கள் பெருக்கித் தருகிறோம்" என்று எவர் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கூலி எங்கிருந்து வருகிறது?

நமது பிக்ஹு நூல்களில் இத்தகைய தொழிலுக்கு இடமுண்டு. ஒருவர் சார்பில் மற்றொருவர் காரியம் செய்வது வக்காலத். அதற்கு வாங்கும் கூலி உஜ்ரத். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே நிற்பவர் ஸிம்ஸார், அதாவது தரகர். அதாஉ, இப்னு ஸீரீன், இப்றாஹீம், ஹஸன் ஆகிய முன்னோர்கள் தரகுக் கூலியில் குற்றம் காணவில்லை என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் குறித்துள்ளார்கள்.

உர்வதுல் பாரிகீ (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அந்தக் காசில் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். தமக்குத் தெரிந்த வித்தையால் கிடைத்த இலாபம் ஆயினும், அதை அவர் மறைத்துத் தம் பையில் போட்டுக்கொள்ளவில்லை. வக்கீலின் இலக்கணம் இதுவே.

இனி, இன்றைய நடைமுறைக்கு வருவோம். கூலி இரண்டு வழிகளில் வருகிறது.

முதல் வழி: ஆலோசகர் உங்களிடமே கட்டணம் வாங்குகிறார். செபி எனப்படும் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம் 2013இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கென விதிகள் வகுத்தது. அவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்களுடைய பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கி, அவருக்கே பண்டு விற்றுக் கமிஷனும் பெறக்கூடாது என்று 2020இல் விதி மேலும் இறுக்கப்பட்டது.

இரண்டாம் வழி: நீங்கள் எதுவும் கொடுப்பதில்லை. பண்டு நிறுவனம் விநியோகஸ்தருக்குக் கமிஷன் தருகிறது. இவர்களுடைய பதிவு ஏ.ஆர்.என். எனப்படும். "இலவசம்" என்று பலரும் நினைப்பது இதைத்தான். உண்மையில் அந்தக் கமிஷன் உங்கள் பணத்திலிருந்தே, ஆண்டுதோறும், கண்ணுக்குத் தெரியாமல் கழிகிறது. கமிஷன் இல்லாத நேரடித் திட்டம் ஒவ்வொரு பண்டிலும் 2013 ஜனவரி 1 முதல் இருக்கிறது.

வித்தியாசம் எவ்வளவு என்று கேட்கலாம். எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்குப் போடுவோம். 10 இலட்ச ரூபாய் ஆண்டுக்கு நூற்றுக்கு 10 வீதம் வளர்ந்தால் 15 ஆண்டில் சுமார் 41 இலட்சத்து 77 ஆயிரம் ஆகும். நூற்றுக்கு ஒன்று கழிந்து 9 வீதம் வளர்ந்தால் சுமார் 36 இலட்சத்து 42 ஆயிரம். ஐந்து இலட்சத்துக்கு மேல் வித்தியாசம்! இவ்வளவு வளரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நூற்றுக்கு ஒன்று என்பது சிறிய தொகையன்று என்று காட்டவே இக்கணக்கு.

கமிஷன் ஹராமா என்றால், அப்படிச் சொல்வதற்கில்லை. அறிவிக்கப்பட்டு, வாடிக்கையாளரும் அறிந்து சம்மதித்த தரகு கூடும். சொல்லாமல் மறைக்கப்பட்டதே குற்றம். ஜக்காத் வசூலிக்கச் சென்று திரும்பிய ஒருவர், "இது உங்களுக்குரியது, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு" எனப் பிரித்துச் சொன்னபோது, அவர் தம் தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்டார்கள். பிறர் காரியத்தைப் பார்க்கும் பதவியால் வரும் ஒவ்வொரு காசையும் இந்தக் கேள்வியால் உரசிப் பார்க்க வேண்டும். ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதக்காரர் ஆவார் என்பது அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ள நபிமொழியின் கருத்து. தமக்கு அதிகக் கமிஷன் வரும் பண்டை, கேட்டவருக்கு நல்லது என்று சொல்பவர் அந்த அமானிதத்தை முறித்தவர்.

ஆகவே ஆலோசகரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "இதில் உங்களுக்கு என்ன வருகிறது? யாரிடமிருந்து வருகிறது?" நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணம் போய்ச் சேரும் இடம்

ஆலோசகர் உண்மையானவராக இருந்தாலும், அவர் காட்டும் வழி ஹலாலாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பொதுவான ஆலோசகர் மார்க்கச் சட்டத்தைப் பார்த்துச் சொல்பவர் அல்லர். அதைப் பார்ப்பது நம் கடமை.

பிக்சட் டிபாசிட், கடன் பத்திரம், கடன் பத்திரங்களில் முதலிடும் டெட் பண்டு ஆகியவற்றின் வருமானம் வட்டியே. பெயர் மாறினாலும் தன்மை மாறுவதில்லை. பங்குகளும் கடன் பத்திரங்களும் கலந்த பாலன்ஸ்டு பண்டுகளும் இதில் அடங்கும். "பாதுகாப்பானது" என்று முதலில் காட்டப்படுபவை பெரும்பாலும் இவைதாம்.

கம்பெனிப் பங்கு என்பது அந்த வியாபாரத்தில் கூட்டாளியாவது. இலாபமும் நஷ்டமும் பங்காளிக்கு உண்டு. வங்கி, வட்டிக் கடை, மது, சூதாட்டம் போன்ற தொழில் செய்யும் கம்பெனியின் பங்கு கூடாது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. தொழில் ஹலாலாக இருந்து, இடையே வட்டிக்குக் கடன் வாங்குவதும் வங்கியில் வட்டி பெறுவதுமாக உள்ள கம்பெனிகளைப் பற்றி உலமாப் பெருமக்களிடையே இரண்டு கருத்துகள் உள்ளன.

ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி 1992இல் செய்த தீர்மானப்படி, அத்தகைய பங்குகளும் அடிப்படையில் கூடாதவையே. இக்காலத்தில் வட்டியின் வாடையே இல்லாத கம்பெனி அரிதாகிவிட்டதால், சில எல்லைகளோடு அனுமதிக்கும் அறிஞர்களும் உள்ளனர். பஹ்ரைனில் இயங்கும் ஆயோஃபி என்ற அமைப்பின் விதிப்படி, வட்டிக் கடன் கம்பெனியின் சந்தை மதிப்பில் நூற்றுக்கு 30ஐத் தாண்டக்கூடாது. ஹராமான வருமானம் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 5ஐத் தாண்டக்கூடாது. அந்தச் சிறு பகுதியையும் கணக்கிட்டு, நன்மையை நாடாமல் ஏழைகளிடம் கொடுத்துக் கழித்துவிட வேண்டும்.

இந்த இரண்டாம் கருத்தை ஒட்டி நம் நாட்டில் சில பண்டுகள் நடக்கின்றன. டாரஸ் எதிக்கல் பண்டும், இன்று நிப்பான் இந்தியா பெயரில் உள்ள நிப்டி 50 ஷரீஆ பீஸும் 2009இல் தொடங்கியவை. டாட்டா எதிக்கல் பண்டு 2011இல் இவ்வழிக்கு மாறியது. குவாண்டம் எதிக்கல் பண்டு 2024இல் வந்தது. ஷரீஅத் என்ற பெயர் இருந்துவிட்டால் நஷ்டமே வராது என்று நினைத்துவிட வேண்டாம். சந்தை இறங்கினால் இவையும் இறங்கும். பேணுதலை நாடுவோர் முதற்கருத்தைப் பற்றி, சொந்த வியாபாரம், கடை, வாடகைக்கு விடும் வீடு என்று போகலாம். சந்தேகமானதை விட்டு விலகுபவர் தம் தீனைக் காத்துக்கொள்கிறார்.

இரண்டு காரியங்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

ஒன்று, பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் வியாபாரம். கையில் இல்லாததை விற்பதும், விலை ஏறுமா இறங்குமா எனப் பந்தயம் கட்டுவதும் இதில் உள்ளன. பெரும்பாலான அறிஞர்கள் இதைக் கூடாது என்றனர். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைச் செபி ஆராய்ந்து பார்த்ததில், இதில் இறங்கிய தனி நபர்களுள் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்திருந்தனர். மார்க்கம் தடுத்ததன் ஹிக்மத்தை இந்த எண்ணே சொல்கிறது. நம் வாலிபர்கள் இரவு கண்விழித்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இரண்டு, செல்போனில் வாங்கும் டிஜிட்டல் தங்கம். தங்கத்தைப் பணத்துக்கு வாங்கும்போது இரு பக்கமும் உடனுக்குடன் கைமாற வேண்டும் என்பது ஷரீஅத்தின் நிபந்தனை. நமக்கென்று பிரித்து வைக்கப்பட்ட தங்கம் உண்மையில் இருக்கிறதா, கேட்டால் கைக்கு வருமா என்பது விளங்காமல் வாங்குவது சரியன்று. இது தங்கள் கட்டுப்பாட்டுக்குள் வராதது என்று செபியே 2025 நவம்பரில் மக்களை எச்சரித்தது. தி.நகர் உஸ்மான் ரோட்டிலும் பாண்டி பஜாரிலும் நகைச் சீட்டுக் கட்டும் தாய்மார்களும் இந்த நிபந்தனையை மனத்தில் கொள்ள வேண்டும். மாதாமாதம் கட்டுவதை முன்பணமாக வைத்து, நகை வாங்கும் நாளில் அன்றைய விலை பேசி, முழுத் தொகையையும் தீர்த்துக் கையோடு வாங்குவதே பேணுதலான முறை.

"ஹலால்" என்ற பெயரில் வரும் உறுதி இலாபம்

இனி, நான் முன்பு சொன்ன என் சொந்தச் செய்திக்கு வருகிறேன்.

ஓதி முடித்து இமாமத் பணியில் சேர்ந்த புதிது. ஒரு நிறுவனத்தார் என்னிடம் வந்தனர். பெயர் வேண்டாம். இலட்ச ரூபாய்க்கு மாதம் 2,500 ரூபாய் இலாபம், வட்டியல்ல, முளாரபா என்றனர். ஒப்பந்தத் தாளைக் காட்டினர். முளாரபா, ரப்புல் மால், முளாரிப் எனச் சொற்களெல்லாம் சரியாக இருந்தன. நான் அந்தச் சொற்களைப் பார்த்தேனே தவிர, என்ன வியாபாரம், எங்கே கடை, கணக்கை யார் தணிக்கை செய்கிறார், செபியிலோ ரிசர்வ் வங்கியிலோ பதிவு உண்டா என்று ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுடைய துண்டுப் பிரசுரத்தில் என் பெயரும் ஏறியது.

ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமாகப் பணம் வந்தது. பிறகு நின்றது. பிறகு அலுவலகக் கதவே பூட்டியது. என் பெயரைப் பார்த்துப் பணம் போட்டவர்களுள் எங்கள் மோதினாரும் ஒருவர். மகளின் நிக்காஹ்வுக்காக வைத்திருந்த மூன்று இலட்சம் அது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றும் எனக்கு முதலில் ஸலாம் சொல்பவர் அவர்தாம். அந்த ஸலாமுக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் என் தவறு எனக்கு முன்னால் நிற்கிறது. என் சம்பளத்திலிருந்து மாதம் ஒரு தொகை அவருக்குக் கொடுத்து வருகிறேன். அது முடிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

நான் ஓதிய பாடமே என்னை எச்சரித்திருக்க வேண்டும். முளாரபாவில் இலாபத்தின் பங்கைத்தான் பேசிக்கொள்ளலாம். பாதிக்குப் பாதி, மூன்றில் ஒன்று என்று விகிதமாகப் பேசலாம். மாதம் இவ்வளவு ரூபாய் என்று தொகையைக் குறித்துவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்பதில் இமாம்கள் ஒருமித்துள்ளனர். முதல் திரும்பும் என்று உறுதி அளித்தால் அது கடனாகிவிடும். கடனுக்கு மேல் பேசி வாங்குவது வட்டி. எனவே "உறுதியான ஹலால் இலாபம்" என்பது தன்னைத்தானே மறுக்கும் சொல். உறுதியாக இருந்தால் அது ஹலாலான முளாரபா அன்று. ஹலாலான முளாரபாவாக இருந்தால் உறுதி சொல்ல முடியாது.

பெங்களூரில் 2006இல் தொடங்கிய ஐ மானிட்டரி அட்வைசரி என்ற நிறுவனமும் பெயரில் ஆலோசனை நிறுவனம்தான். ஹலால் முதலீடு என்று சொல்லி, பெரும்பாலும் நம் சமுதாயத்தினரிடமே வைப்புப் பெற்று, மாதாமாதம் கொடுத்து வந்தது. 2019 ஜூனில் அது வீழ்ந்தபோது பல்லாயிரம் குடும்பங்கள் கண்ணீர் விட்டன. தொழுகையாளி, தாடி வைத்தவர், நம் ஜமாஅத்தார் என்பவை நேசத்துக்குக் காரணமாகலாம். கணக்குப் பார்க்காமல் விடுவதற்குக் காரணமாகா. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சி வைக்கும்படி அல்பகராவின் 282ஆம் வசனம் விரிவாகக் கட்டளையிட்டது விசுவாசிகளை நோக்கியே!

என் போன்ற ஆலிம்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தின் அரபுச் சொல்லைச் சரிபார்ப்பது நம் வித்தை. வியாபாரம் உண்மையா என்பதைச் சரிபார்ப்பது வேறொரு வித்தை. இரண்டாவது நமக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வோம். கையெழுத்திட வேண்டாம்.

நாமினி வாரிசு ஆவாரா?

அந்த மகனின் கேள்விக்கு வருவோம். படிவத்தில் நாமினி என்று ஒரு பெயர் எழுதப்படுகிறது. கணக்குக்குரியவர் இறந்தால் நிறுவனம் யாரிடம் பணத்தை ஒப்படைக்கும் என்பதற்காக மட்டுமே அது. பெற்றுக்கொண்டவர் அமானிதக்காரர். பணம் வாரிசுகளுக்குரியது. நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாமினி என்பதால் ஒருவர் சொத்துக்கு உரிமையாளராகிவிட மாட்டார் என்று தீர்ப்பளித்தது.

மார்க்கத்தில் வரிசை தெளிவானது. முதலில் கபன், அடக்கச் செலவு. அடுத்துக் கடன்கள். மனைவிக்கு மஹர் பாக்கியிருந்தால் அதுவும் கடனே. அடுத்து, வஸிய்யத் இருந்தால் மீதியில் மூன்றில் ஒன்றுக்கு மிகாமல். அதன் பிறகு அந்நிஸாவின் 11, 12ஆம் வசனங்களின்படி பாகம்.

இவர்கள் குடும்பத்தில் கடன் இல்லை, மஹர் பாக்கி இல்லை, வஸிய்யத் இல்லை. இறந்தவரின் தாய் தந்தையர் உயிரோடு இல்லை. மனைவி, ஒரு மகன், இரண்டு பெண் மக்கள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. 16 இலட்சத்தில் அது 2 இலட்சம். மீதி 14 இலட்சத்தில் ஆணுக்குப் பெண்ணின் இரு மடங்கு வீதம் மகனுக்கு 7 இலட்சம், மகள்களுக்குத் தலா மூன்றரை இலட்சம். சகோதரிகளுக்குத் திருமணச் செலவு செய்தாயிற்று, சீர் கொடுத்தாயிற்று என்று சொல்லி அவர்கள் பாகத்தை நிறுத்திக்கொள்ள ஒருவருக்கும் உரிமை இல்லை. அல்லாஹ் நிர்ணயித்த பாகம் அது. தாயின் ஜீவனத்துக்கு அவரிடம் போதுமானது இல்லையென்றால், வசதியுள்ள பிள்ளைகள் மீது அது தனிக் கடமை.

செல்போனில் கணக்கு வைத்திருப்போர் கவனத்துக்கு: எந்தெந்த இடத்தில் என்னென்ன கணக்கு என்பது வீட்டாருக்குத் தெரிய வேண்டும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வஸிய்யத் செய்ய வேண்டிய விஷயம் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்பது நபிமொழியின் கருத்து. முன்பெல்லாம் அலமாரியைத் திறந்தால் பத்திரம் கிடைத்துவிடும். இப்போது போன் பூட்டிக் கிடந்தால் சொத்து இருப்பதே தெரியாமல் போய்விடும்.

ஜக்காத்தை மறவாதீர்

பண்டிலும் பங்கிலும் உள்ள பணம் கண்ணில் படாததால் ஜக்காத் கணக்கில் பலர் அதைச் சேர்ப்பதில்லை. விற்று இலாபம் பார்க்கும் நோக்கில் வாங்கியிருந்தால், ஆண்டு நிறைவடையும் நாளின் சந்தை மதிப்பு முழுவதற்கும் நாற்பதில் ஒன்று. 4 இலட்ச ரூபாய் மதிப்பானால் 10,000 ரூபாய். நெடுநாள் வைத்திருந்து வருமானம் பெறும் நோக்கில் வாங்கியிருந்தால், கம்பெனியின் ரொக்கம், சரக்கு போன்றவற்றில் தம் பங்குக்கு மட்டும் கணக்கிடலாம் என்பர் அறிஞர் பலர். அதை அறிய முடியாதவர் முழு மதிப்புக்கும் கொடுத்துவிடுவது பேணுதல்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. ஆலோசகரின் பதிவு எண்ணைக் கேட்டு, செபியின் பட்டியலில் நீங்களே சரிபாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் ஆலோசனையை நம்பாதீர்கள்.

2. அவருக்குக் கூலி யாரிடமிருந்து, எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

3. பணம் உங்கள் பெயரில் உள்ள பண்டுக்கு மட்டுமே போக வேண்டும். தனி நபர் கணக்குக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

4. "வட்டி தொடர்பான எதுவும் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் காட்டும் பட்டியலை மார்க்கம் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

5. உறுதி இலாபம் என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்துவிடுங்கள்.

6. ஓராண்டுச் செலவுக்கான பணத்தைக் கையிருப்பாக வைத்துவிட்டு, மீதியை மட்டும் முதலீட்டுக்கு எடுங்கள்.

7. ஏமாற்றப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வைப்பாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். தாமதம் குற்றவாளிக்கே உதவும்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாயாரும் மகனும் வந்தனர். பாகக் கணக்கைத் தாளில் எழ்திக் கொடுத்தேன். மகன் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அக்காமார் ரெண்டு பேருக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிடறேன் ஹஜ்ரத்" என்றான். தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்தப் பண்டு நல்லது என்று அவர் கேட்டபோது, "அது எனக்குத் தெரியாதம்மா. தெரிந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் எழுதித் தருகிறேன்" என்றேன். மேலே உள்ள ஏழும் அவைதாம்.

பொருளை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் மறுமையில் அடியானின் பாதங்கள் நகரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அந்நாளில் ஆலோசகர் நமக்காகப் பதில் சொல்ல மாட்டார்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கைப் போதுமாக்கி, அமானிதம் பேணும் நெஞ்சைத் தந்தருள்வானாக! என்னால் நஷ்டமடைந்தோருக்கு அதனினும் சிறந்ததைக் கொடுத்து, என் பிழையைப் பொறுத்தருள்வானாக! ஆமீன்.